இருபதில் இருபது போனால் கறிவேப்பிலை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு சிறப்புப் பள்ளியில் பல வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் யாராவது "என்ன வேலை பாக்குறீங்க" என்று கேட்டு நான் இதைச் சொன்னால், உடனே முகம் மாறிவிடும். "அய்யோ, ரொம்பப் பொறுமை வேணுமே" என்பார்கள். "பெரிய புண்ணியம்ங்க" என்பார்கள். ஒரு பெரியவர் என்னைக் கும்பிடவே செய்தார், கையில் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றவர், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார், எனக்குச் சாம்பார் வந்துசேரவே இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை ஆட்கள்தான். அவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கணக்கா? அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு எதுக்கு டீச்சர்?" என்று நேராகக் கேட்டுவிடுவார்கள். நல்ல கேள்வி. இன்றைக்கு அவர்களுக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எங்கள் வகுப்பில் சோகமாக ஒன்றும் நடப்பதில்லை. பக்கத்து அறை டீச்சர் சுவரைத் தட்டி "கொஞ்சம் மெதுவா சிரிங்க" என்று சொல்கிற அளவுக்குத்தான் எங்கள் கணக்குப் பாடம் நடக்கிறது.

என் பிள்ளைகள் பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவர்கள் உண்டு, ஆட்டிசம் இருக்கிறவர்கள் உண்டு, மூளை முடக்குவாதத்தால் கை சொன்ன பேச்சு கேட்காதவர்கள் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றான கற்றல் குறைபாட்டுக்குள் டிஸ்கால்குலியா என்று கணக்கு மட்டும் ஏறாத குறைபாடும் வருகிறது. சட்டத்தைப் பற்றி இன்னொரு நாள் இன்னொருவர் பேசுவார். நான் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. தம்பி, பாப்பா என்றே சொல்கிறேன், நீங்கள் குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எண்ணுவதிலிருந்து ஆரம்பிப்போம். பள்ளியில் சேர்க்க வருகிற அம்மா அப்பா பெருமையாகச் சொல்வார்கள், "நூறு வரைக்கும் சொல்லுவான் மிஸ்." தம்பியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பான். நான் கைதட்டிவிட்டு, "மூணு டம்ளர் எடுத்துட்டு வா ராசா" என்பேன். அலமாரியில் இருக்கிற டம்ளர் எல்லாம் வந்துவிடும். நூறு வரை ஒப்பிப்பது வேறு, மூன்று டம்ளர் எடுத்துவருவது வேறு. ஒரு எண்ணுக்கு ஒரு பொருள், தொட்டதை மறுபடி தொடக்கூடாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். நாமெல்லாம் எப்போது கற்றுக்கொண்டோம் என்றே தெரியாமல் கற்றுக்கொண்ட விஷயங்கள் இவை. எங்கள் வகுப்பில் இதற்கே ஒரு வருஷம் ஆகலாம். ஆகட்டும், என்ன அவசரம்?

இதற்கு நான் நம்பியிருப்பது மதியச் சாப்பாட்டை. தட்டு வைக்கிற வேலை முறை வைத்து ஒவ்வொருவருக்கும் வரும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, அத்தனை தட்டு எடுத்து வைக்க வேண்டும். ஒரு தம்பி எல்லோரையும் சரியாக எண்ணிவிடுவான், தன்னை மட்டும் விட்டுவிடுவான். ஆற்றைக் கடந்துவிட்டு ஆளை எண்ணிப் பார்த்து அழுத சீடர்கள் கதை உங்களுக்கெல்லாம் தெரியும், அதே கதைதான். என்ன வித்தியாசம் என்றால் எங்கள் தம்பி அழமாட்டான், பக்கத்தில் இருக்கிறவன் தட்டை இழுத்துக்கொள்வான்.

அப்புறம் ஒரு பாப்பா வந்தாள். டவுன் சிண்ட்ரோம், பன்னிரண்டு வயது, குரல் மட்டும் கோயில் மணி. அவளுக்கு எண்ணிக்கை வராது. ஆனால் தட்டு வைக்கச் சொன்னால், "மிஸ்ஸுக்கு... ஆயாம்மாவுக்கு... அண்ணனுக்கு..." என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தட்டாக வைப்பாள். எண்ணே இல்லாமல் வேலை முடிந்துவிடும். கடைசியாக ஒரு தட்டு எடுத்து, "சாமிக்கு" என்று சொல்லி ஜன்னல் ஓரமாக வைத்துவிடுவாள். தினமும் ஒரு தட்டு கூடுதல். ஆயாம்மா முதலில் சத்தம் போட்டார்கள், சாமிக்குச் சாம்பார் சாதமா என்று. அப்புறம் வேன் டிரைவர் அண்ணன் அந்தத் தட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார், பிரச்சினை தீர்ந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். 'ஒன்று கூட' என்கிற விஷயம், ஏழுக்கு அடுத்தது எட்டு என்கிற விஷயம், புளியங்கொட்டை வைத்தும் மணிச் சட்டம் வைத்தும் படம் போட்டும் ஏறாதது, இந்தச் சாமி தட்டில் ஏறிவிட்டது. "ஏழு தட்டு வச்சாச்சு. சாமிக்கும் வச்சா?" "எட்டு!" வகுப்பே கத்தும். "பன்னெண்டு, சாமிக்கும் வச்சா?" "பதிமூணு!" இப்போது எங்கள் பள்ளியில் கூட்டல் ஒன்றுக்குப் பெயரே சாமி தட்டு. எங்களைப் பார்க்க வந்த ஒரு அதிகாரி, பாடத்திட்டக் குறிப்பேட்டில் 'சாமி தட்டு வரை முடிந்தது' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. தனித்தனி என்றால் தனித்தனிதான் சார் என்றேன்.

அடுத்தது வாக்கியக் கணக்கு. ராமுவிடம் ஐந்து மாம்பழம் இருந்தன, இரண்டைத் தங்கைக்குக் கொடுத்தான், மீதி எத்தனை? நம் எல்லோருக்கும் இந்த ராமுவைத் தெரியும், அவனிடம் எப்போதும் மாம்பழம் இருக்கும், யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருப்பான். ஆட்டிசம் இருக்கிற பிள்ளைகளில் பலர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள். ஒரு தம்பி என்னை நிறுத்தி, "எந்த ராமு?" என்றான். சும்மா ஒரு ராமுடா என்றேன். "நான் பாத்ததில்ல" என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அவன் சொல்வது நியாயம்தானே, முன்பின் தெரியாதவன் மாம்பழத்தை நாம் ஏன் எண்ண வேண்டும்? சரி என்று அவன் பெயரையே போட்டுக் கணக்கு சொன்னேன். உன்கிட்ட அஞ்சு மாம்பழம் இருக்கு, ரெண்டை அக்காவுக்குக் கொடுத்துட்டே, மீதி எத்தனை? "அஞ்சு." எப்படிடா அஞ்சு? "கொடுக்க மாட்டேன்." இதற்கு நான் சைபர் போடுவேனா? அவன் நிலைமையில் அதுதான் சரியான விடை. நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு, அடுத்த கணக்கில் மாம்பழத்தை எடுத்துவிட்டுப் பாகற்காயைப் போட்டேன். உடனே கழித்தல் வந்துவிட்டது. ஐந்தையும் கொடுத்துவிட்டான், அது வேறு கதை.

இனி என் வழக்கமான புலம்பலுக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் எல்லோரும் இதைக் கேட்டு அலுத்துவிட்டார்கள், புதிதாக உங்களிடம் சொல்கிறேன். பணம். பிள்ளைகளுக்குப் பணம் சொல்லிக்கொடுக்கும்போது நிஜமான பணத்தைக் கொடுங்கள். விளையாட்டு நோட்டு வேண்டாம். பிளாஸ்டிக் காசு வேண்டாம். படம் போட்ட பயிற்சித்தாள் வேண்டவே வேண்டாம். நிஜப் பணம்.

ஏன் என்று கேட்டால், பிள்ளைகளுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். பொம்மைக் கடையில் விற்கிற நோட்டுக் கட்டு ஒன்றை யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அதை ஒரு தம்பி கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை, அப்படியே வங்கிக் காசாளர் மாதிரி. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "செல்லாது" என்றான். அது 2016 நவம்பர் மாதம். 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள், டிவியில் அதே பேச்சு, வங்கி வாசலில் வரிசை, எல்லா வீட்டிலும் அந்த ஒரு வார்த்தை. அதற்கப்புறம் அந்தக் கல்வியாண்டு முழுக்க எங்கள் வகுப்பில் பிடிக்காத எல்லாமே 'செல்லாது'தான். கீரை செல்லாது. ஹோம்வொர்க் செல்லாது. ஒரு நாள் நான் புது மாதிரி கொண்டை போட்டுக்கொண்டு போனேன், அதுவும் செல்லவில்லை.

சிரிப்பெல்லாம் சரி, அந்தச் சமயத்தில் எங்கள் மாதிரி ஆசிரியர்களுக்கு நிஜமாகவே ஒரு தலைவலி வந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எண்ணைப் படிக்க வராத பிள்ளைகள் நோட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். ஊதா ஐம்பது, நீலம் கலந்த பச்சை நூறு என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து, அது மனசில் உட்கார்ந்தாகிவிட்டது. அப்புறம் 2017இல் புது ஐம்பது வந்தது, பளிச்சென்ற நீலம். 2018இல் புது நூறு வந்தது, இளம் ஊதா. நேயர்களே, பர்ஸ் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்கிறவர்கள் மட்டும் வேண்டாம். பழைய ஐம்பது ஊதா, புது நூறு ஊதா. பழைய நூறில் நீலம், புது ஐம்பது நீலம். நான்குமே செல்லும், நான்குமே புழக்கத்தில் இருக்கிறது. நிறத்தை நம்பிக் கற்றுக்கொண்ட பிள்ளை நூறைக் கொடுத்துவிட்டு ஐம்பதுக்கு மீதி வாங்கிக்கொண்டு வந்தால் அது பிள்ளையின் தப்பா? நீங்களும் நானும் எண்ணைப் பார்த்துச் சமாளித்துவிட்டோம். அவர்கள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

கண் தெரியாதவர்களுக்கு வேறு மாதிரிக் கஷ்டம், அவர்கள் நீளத்தை வைத்துப் பார்க்கிறார்கள். புது 200 ரூபாய் நோட்டு 146 மில்லிமீட்டர், 500 ரூபாய் நோட்டு 150. நாலே நாலு மில்லிமீட்டர் வித்தியாசம், முந்நூறு ரூபாய் அதில் தொங்குகிறது. ரிசர்வ் வங்கி 2020இல் மணி என்று ஒரு செயலி கொண்டுவந்தது, போன் கேமராவில் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று வாயால் சொல்லும். நல்ல விஷயம்தான். ஆனால் பஸ்ஸில் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரு கையில் போன், ஒரு கையில் நோட்டு, கம்பியை எதைக் கொண்டு பிடிப்பது?

பத்து ரூபாய் காசும் அப்படித்தான். நம் பக்கத்தில் பல கடைகளில் வாங்கமாட்டேன் என்று ஒரு காலம் அடம் பிடித்தார்கள், உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ரிசர்வ் வங்கி 2018இல் பதினான்கு வடிவத்திலும் வந்த எல்லாப் பத்து ரூபாய் காசும் செல்லும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் தம்பி ஒருவன், பார்த்தாலே அடையாளம் தெரிகிற ஒரே காசு அவனுக்கு அதுதான், வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை, அதைக் கொண்டுபோய்க் கடலை மிட்டாய் கேட்டிருக்கிறான். கடைக்காரர் செல்லாது என்றார். தம்பி "செல்லும்" என்றான். செல்லாது தம்பி. செல்லும். அவனுக்குச் சட்டமெல்லாம் தெரியாது, "எங்க மிஸ் சொன்னாங்க, பத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் வரிசையில் நின்ற ஒருவர், "அண்ணாச்சி, அவன் சொல்றதுதான் சரி" என்று சொல்லி முடித்துவைத்தார். ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையால் முடியாததைக் கடலை மிட்டாய் சாதித்தது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் வானொலிக்கே வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை அண்ணாநகர் உழவர் சந்தை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14ஆம் தேதி திறந்தது, அன்றைக்குக் குழந்தைகள் தினமும்கூட, அது எங்களுக்காகவே அமைந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். கணக்கு வகுப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். பேரம் கிடையாது, அதனால் குழப்பம் இல்லை. தராசு கண் முன்னால் ஏறி இறங்கும். சந்தைப் பெண்கள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து மிரளுவதும் இல்லை, 'உச்' கொட்டுவதும் இல்லை, "தள்ளி நில்லு சாமி, வெங்காயத்த மிதிக்காத" என்று எல்லோரையும் திட்டுகிற மாதிரியே திட்டுவார்கள். இந்தச் சமத்துவத்துக்கே அங்கே கூட்டிப்போகலாம்.

அதற்கு முன்னால் ஒரு மாதம் வகுப்பில் ஒத்திகை நடந்தது. நான் கடைக்காரி, பிள்ளைகள் வாடிக்கையாளர். பாடம் ஒன்றே ஒன்றுதான்: காசு கொடுத்ததும் ஓடிவரக்கூடாது, நின்று மீதி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதிகமாக ஏமாறுவது அதில்தான், ஏமாற்றுகிறவர்கள் எப்போதும் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, அவசரத்தில் மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன். காசு கொடு, நில்லு, மீதி வாங்கு. காசு கொடு, நில்லு, மீதி வாங்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

சந்தைக்குப் போனோம். தம்பிக்குத் தக்காளி வாங்குகிற வேலை. அன்றைக்குத் தக்காளி கிலோ இருபது ரூபாய், அவன் கையில் ஒரு இருபது ரூபாய் நோட்டு. போனான், பலகையைப் பார்த்தான், ஒரு கிலோ கேட்டான், பையை விரித்துப் பிடித்தான், நோட்டைக் கொடுத்தான். எல்லாம் அச்சு அசலாகச் சரி. நான் தூரத்தில் நின்று பெருமையில் பூரித்துக்கொண்டிருக்கிறேன். அவன் வரவில்லை. அங்கேயே நிற்கிறான். அந்த அம்மா அடுத்த ஆளுக்கு எடை போட ஆரம்பித்துவிட்டார்கள். இவன் நிற்கிறான். "என்னய்யா, இன்னும் நிக்கிற?" "மீதி." "இருவது ரூவா தக்காளி, இருவது ரூவா குடுத்த, ஏதுய்யா மீதி?" "மீதி." அவன் கற்றுக்கொண்ட பாடத்தில் மீதி இல்லாத வியாபாரமே கிடையாது. நான் கிட்டே போகலாமா என்று ஒரு அடி வைத்தேன். அதற்குள் அந்த அம்மா அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார்கள், கூடையில் கைவிட்டு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவிப் பையில் போட்டு, "இந்தா ராசா, போ" என்றார்கள். தம்பி பைக்குள் எட்டிப் பார்த்தான். திருப்தி. திரும்பி வந்தான்.

இதோடு முடிந்திருந்தால் இது சாதாரணக் கொசுறுக் கதை. மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் கழித்தல் கணக்கு. இருபதில் பத்து போனால்? பத்து. இருபதில் பதினைந்து போனால்? விரல் விட்டு, கொஞ்சம் தடுமாறி, ஐந்து. இருபதில் இருபது போனால்? தம்பி யோசிக்கவே இல்லை. "கறிவேப்பிலை."

நேயர்களே, பூஜ்யம் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலையிலேயே கஷ்டமான வேலை. மூன்றைக் காட்டலாம், ஐந்தைக் காட்டலாம், இல்லாததை எப்படிக் காட்டுவது? வெறும் தட்டைக் காட்டினால் தட்டு என்பார்கள். வெறும் கையைக் காட்டினால் கை என்பார்கள், மோதிரம் என்பார்கள். ஒன்றுமே இல்லை, ஆனால் அதற்கும் ஒரு குறி உண்டு என்பதை நாலு வகையில் சொல்லிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போயிருந்தேன். இவன் ஒரே காலையில் அதற்கு உருவம் கொடுத்துவிட்டான். கொடுத்ததும் வாங்கியதும் சரியாகிவிட்டது, இனி வாங்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்பதற்கு அடையாளம் கறிவேப்பிலை. நான் கரும்பலகையில் பூஜ்யம் போட்டு அதற்குள் ஒரு இலை வரைந்தேன். எட்டில் எட்டு போனால்? கறிவேப்பிலை! நூறில் நூறு போனால்? கறிவேப்பிலை! கொஞ்ச நாள் கழித்து இலையை அழித்தேன், வெறும் வட்டம் மட்டும் நின்றது, வாயில் மட்டும் கறிவேப்பிலை போகவில்லை. இன்னும் சொல்கிறார்கள். தம்பியின் அம்மா போன் பண்ணி, "மிஸ், கடையில கறிவேப்பிலை குடுக்கலேன்னா வரமாட்டேங்கிறான், மருந்துக் கடையில போயி கேக்குறான்" என்றார்கள். மீதி இருந்தால் காசு, இல்லாவிட்டால் 'சரியாப் போச்சு' என்று கடைக்காரர் வாயால் சொல்ல வேண்டும் என்று மாற்றிப் பழக்கினோம். இப்போது கடைக்காரர் சொல்லாவிட்டால் இவனே "சரியாப் போச்சா?" என்று கேட்கிறான். அந்தத் தெருவில் கணக்கு தப்புவதே இல்லை என்று கேள்வி.

கணக்கு எதுக்கு டீச்சர் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அவன் தனியாகக் கடைக்குப் போகிறான். அவன் கேட்காமல் யாரும் அவன் மீதியை வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு சின்ன கிளைக்கதை. மாண்டிசோரி பள்ளி என்றால் இன்றைக்குப் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம், மணி, கட்டை எல்லாம் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அந்த மரியா மாண்டிசோரி அம்மையார் ரோம் நகரத்தில் முதலில் வேலை பார்த்தது யாரோடு என்று நினைக்கிறீர்கள்? எங்கள் பிள்ளைகள் மாதிரிப் பிள்ளைகளோடுதான். அறிவுத்திறன் குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிற முறையைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் 1907இல் மற்றப் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார். ஆக முறை எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பியது, கட்டை மட்டும் அவர்களிடம் போய்விட்டது. எங்களிடம் புளியங்கொட்டை இருக்கிறது. புளியங்கொட்டையும் நல்ல சாமான்தான், ஒரே தொல்லை, ஒரு தம்பி அதை மூக்கில் போட்டுக்கொள்வான், 'பத்தில் ஒன்று மூக்கில்' என்று அதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். கவலைப்படாதீர்கள், இப்போது அவனுக்கு மட்டும் டீ கிளாஸ்தான்.

நிஜப் பணம், நிஜப் பணம் என்று நான் இவ்வளவு கத்துகிறேன், காலம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இப்போது யார் கையில் காசு இருக்கிறது? எல்லாம் ஸ்கேன்தான். ஆனால் அதிலும் எனக்கு ஒரு லாபம் வந்தது. கடைகளில் பணம் வந்ததும் ஒரு பெட்டி சத்தமாகத் தமிழில் சொல்லுமே, இத்தனை ரூபாய் வந்தது என்று, அந்தக் குரலை அப்படியே பேசுகிற தம்பி ஒருவன் இருக்கிறான். ஆட்டிசம், தானாகப் பேசுவது ரொம்பக் குறைவு, ஆனால் கேட்டதை அச்சு மாறாமல் திருப்பிச் சொல்வான். நான் பலகையில் 145 என்று எழுதினால் வாயே திறக்கமாட்டான். "பெட்டி என்ன சொல்லும்?" என்று கேட்டேன் ஒரு நாள். "நூற்று நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது." அதே குரல், அதே இழுவை. வகுப்பு ஆடிப்போய்விட்டது. மூன்று இலக்க எண்ணை அவனால் படிக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது வருகைப் பதிவேடும் அவன்தான் அறிவிக்கிறான். "பதினோரு பேர் பெறப்பட்டது."

பஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக் கொடுத்து மீதி வாங்கப் பழக்கி, ஒரு தம்பிக்கு அது கைவந்த சமயத்தில், 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், அதையடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. அவன் வீட்டில் சந்தோஷம், நாங்களும் சந்தோஷப்பட்டோம், தம்பிக்கு மட்டும் ஆத்திரம். கண்டக்டர் "வேணாம்யா, ஃப்ரீ" என்கிறார், இவன் நோட்டை நீட்டிக்கொண்டே நிற்கிறான், இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட வேலையைக் காட்டவிடாமல் அரசாங்கமே தடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கண்டக்டர் நல்ல மனுஷர், நோட்டை வாங்கி, ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் மீதி" என்று அதே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். தம்பி எண்ணிப் பார்த்து உள்ளே வைத்துக்கொண்டான்.

பார்வையற்ற மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். அங்கே டெய்லர் பலகை என்று ஒன்று, ஓட்டை ஓட்டையாக இருக்கும், சின்னச் சின்ன உலோகக் கட்டையை ஓட்டைக்குள் எட்டுத் திசையில் திருப்பித் திருப்பிச் சொருகினால் ஒவ்வொரு திசைக்கும் ஒரு எண், தலைகீழாகச் சொருகினால் மிச்ச எண்களும் கூட்டல், கழித்தல் மாதிரிக் குறிகளும். விரலால் தடவிப் பெரிய பெருக்கல் எல்லாம் போடுவார்கள். அந்தப் பலகை கைதவறிக் கவிழ்ந்தால் கணக்கே தரையில் கொட்டிவிடும். அப்புறம் வகுப்பு முழுக்க முட்டி போட்டுக்கொண்டு தேடும். போன வாரம் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, ஒரு பையன் மேஜைக்கு அடியிலிருந்து, "ஏழைக் காணோம் சார்" என்றானாம்.

கடைசியாக நேரம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்லத் தயார் செய்துகொண்டு வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். பெரிய முள், சின்ன முள், அரை, கால், முக்கால், அதெல்லாம் இன்னொரு நாள். சுருக்கமாக ஒன்று. மணி என்பது எங்கள் பிள்ளைகளுக்கு எண்ணே இல்லை, அது நடக்கிற காரியம். எங்கள் பாப்பா, அதே சாமி தட்டுப் பாப்பா, அவளுக்கு ஏழரை என்றால் பாட்டி பார்க்கிற சீரியல், ஒன்பது என்றால் அப்பா வண்டிச் சத்தம். அதனால் கடிகாரத்தைச் சுற்றி எண்ணுக்குப் பக்கத்தில் படம் ஒட்டினோம், தட்டு, வேன், தலையணை... ஒட்டினதில் வேன் படம் மட்டும் தினமும் இடம் மாறியிருக்கும், யாரோ ஒருவர் அதைப் பத்து மணிக்கே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார், யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்... இப்போது ஒரு விரல். சரி சரி. "பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?" என்று அவளைக் கேட்டால், "வேன் வந்தா" என்பாள். நேயர்களே, எனக்கு வேன் வந்துவிட்டது. வணக்கம்.